நீரில் எவ்வளவு இருக்கிறது? எப்படி இருக்கிறது?

(உழவர் தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாசன நீரைப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள் என்று நாங்கள் எல்லா மேடையிலும் சொல்லி வருகிறோம். உங்களில் பலர் அப்படியே செய்கிறீர்கள். முடிவுத் தாளும் கைக்கு வருகிறது. அதில் இரும்பு இத்தனை, சுண்ணாம்பு இத்தனை, பைகார்பனேட் இத்தனை என்று எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஓர் உழவர். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

கோவைக்குக் கிழக்கே சுண்ணாம்புக் கரிசல் பகுதியில் அவருக்கு இரண்டு ஏக்கர். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். நிலக்கடலை போட்டிருந்தார். விதைத்த ஒரு மாதத்தில் இளம் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாகவும், இடைப்பகுதி மஞ்சளாகவும், பிறகு வெள்ளையாகவும் ஆயிற்று. இரும்புச் சத்துக் குறைபாடு என்பதில் ஐயமே இல்லை. ஏக்கருக்கு 20 கிலோ அன்னபேதி உப்பை மணலில் கலந்து மண்ணில் இடும்படி சொன்னேன். அவரும் இட்டார். பத்து நாள் கழித்துப் போனேன். செடி தேறவில்லை. மண்ணில் மட்டும் ஆங்காங்கே துருப் பிடித்ததுபோல் சிவப்புத் திட்டுகள் தெரிந்தன.

அவர் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார். தொட்டியின் சுவரெல்லாம் செம்பழுப்பாகப் படிந்திருந்தது. நீர்ப் பரிசோதனைத் தாளிலும் இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று இருந்தது. “ஏனுங்க ஐயா, தண்ணியிலே இரும்பு இருக்குதுன்னு நீங்கதான் சொல்றீங்க. செடியிலே இரும்பு இல்லேன்னும் நீங்கதான் சொல்றீங்க. இதிலே எதுங்க நெசம்?” என்று கேட்டார்.

இரண்டுமே உண்மைதான். ஆனால் அன்று அவருக்குப் புரியும்படி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்ன யோசனையால் அவருக்கு 40 கிலோ உப்பும் இரண்டு ஆள் கூலியும் நட்டம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த உரை.

ஒரே சத்து, பல வடிவங்கள்

நீரில் ஒரு தனிமம் கரைந்திருக்கிறது என்றால், அது தனியாக நிற்கிறது என்று பொருள் அல்ல. நீரில் இருக்கும் மற்றப் பொருள்களில் ஏதாவது ஒன்றோடு அது கூட்டுச் சேர்ந்து கொள்ளும். இரும்பு சில வேளை தனி அயனியாக இருக்கும். சில வேளை பைகார்பனேட்டுடன் சேர்ந்திருக்கும். சில வேளை மக்கின் சாற்றோடு பிணைந்திருக்கும். காற்றுப் பட்டால் துருவாகி அடியில் படியும். எல்லாமே இரும்புதான். ஆனால் வேருக்குக் கிடைப்பது எல்லாம் அல்ல.

இப்படி ஓர் உலோகம் மற்றொரு பொருளோடு கரைந்த நிலையிலேயே பிணைந்து நிற்பதற்கு ‘அணைவு’ என்று பெயர். இது ஆய்வுக்கூடத்துச் சங்கதி என்று எண்ண வேண்டாம். உங்கள் வீட்டிலேயே தினமும் நடப்பதுதான். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறீர்கள் அல்லவா? புளியில் உள்ள அமிலம் களிம்பில் இருக்கும் செம்பைப் பிடித்து, கரைந்த அணைவாக்கி, நீரோடு கொண்டு போய்விடுகிறது. முன்பெல்லாம் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு எழுதும் மை தயாரித்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கறுப்பு நிறக் கூட்டுதான் அந்த மை. தேயிலையிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. போர்த் தண்ணீரில் தேநீர் போட்டு அது கறுத்துப் போனால், அந்த நீரில் இரும்பு இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஆகவே எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், எந்த வடிவத்தில் இருக்கிறது, எதோடு சேர்ந்து இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

கிணற்றில் தெளிவு, தொட்டியில் சிவப்பு

ஆழத்தில் உள்ள நீரில் காற்று குறைவு. அங்கே இரும்பு ‘பெரஸ்’ என்னும் வடிவில் கரைந்திருக்கிறது. இறைத்தவுடன் நீர் கண்ணாடிபோல் தெளிவாகவே வரும். வெளியே வந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, காற்றில் உள்ள பிராணவாயு நீரில் கரைகிறது. இரண்டு, நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால் நீரின் கார அமில நிலை உயர்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து பெரஸ் இரும்பை ‘பெரிக்’ என்னும் வடிவுக்கு மாற்றுகின்றன. அது கரையாது. துருவாக வீழ்படிந்துவிடும். கார அமில நிலை ஒரு புள்ளி உயர்ந்தால் இந்த மாற்றத்தின் வேகம் சுமார் 100 மடங்கு ஆகிறது. அதனால்தான் ஒருவர் தோட்டத்தில் சில நிமிடத்திலும், இன்னொருவர் தோட்டத்தில் மறுநாளும் நீர் சிவக்கிறது.

அந்த உழவரின் நீரைக் கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 400 கிராம் இரும்பு வயலுக்குப் போகிறது. ஆனால் அது வாய்க்காலிலும் தொட்டியிலுமே துருவாகிவிட்டது. மண்ணிலும் இரும்புக்குப் பஞ்சம் இல்லை. மண்ணில் நூற்றுக்கு 2 பங்கு இரும்பு என்றாலும் ஓர் ஏக்கர் மேல்மண்ணில் 18 டன் இருக்கும். பயிர் எடுப்பதோ சில கிலோதான். பத்தாயம் நிறைய நெல் இருந்தும் திறக்கச் சாவி இல்லாத கதை இது.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்போர் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீரில் இரும்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அச்சமில்லை. 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் சொட்டுவான்கள் கட்டாயம் அடைபடும். இரும்பை உண்டு வளரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து குழாய்க்குள் வழுவழுப்பான செந்நிறக் கசடை உண்டாக்கும். இதற்கு வழி, துருவைக் குழாய்க்குள் உண்டாக விடாமல் வெளியிலேயே உண்டாக விடுவதுதான். நீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து பூவாளிபோல் சிதறி விழச் செய்து, தெளிய வைத்து, பிறகு மணல் வடிகட்டி வழியாக அனுப்புங்கள். தேயிலைச் சாறுபோல் பழுப்பான குளத்து நீரில் மட்டும் இந்த முறை சரிவரப் பலிக்காது. அங்கே இரும்பு மக்குப் பொருளோடு அணைவாக இருப்பதால் காற்றுப் பட்டாலும் எளிதில் படியாது.

பைகார்பனேட் செய்யும் வேலை

செடியின் வேர் சும்மா இருப்பதில்லை. நிலக்கடலை, பயறு வகைகள் முதலியவற்றின் வேர், தன்னைச் சுற்றிச் சிறிது அமிலத்தைக் கசியவிட்டுத் துருவை இளக்கி, அதை மீண்டும் பெரஸ் இரும்பாக்கி உறிஞ்சும். நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், வேர் கசியவிடும் அமிலத்தை அது உடனுக்குடன் முறித்துவிடுகிறது. மண்ணில் சுண்ணாம்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் மண்ணில் இடச் சொன்ன அன்னபேதியும் இப்படித்தான் துருவாகிப் போயிற்று.

மக்காச்சோளம், சோளம், நெல் போன்ற புல்லினப் பயிர்களின் வழி வேறு. அவற்றின் வேர் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைக் கசியவிட்டு, அணைவாக்கி உறிஞ்சுகிறது. சீனாவில் சுண்ணாம்பு நிலங்களில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக இட்டபோது கடலையின் வெளுப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பைகார்பனேட்டால் மற்றொரு கேடும் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். மண்ணில் சோடியத்தின் கை ஓங்கும். நிலம் இறுகிக் களர் ஆகும். இதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பரிசோதனைத் தாளில் மில்லி ஈக்விவலண்ட் கணக்கில் உள்ள கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டுங்கள். அதிலிருந்து கல்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத் தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவது எஞ்சிய சோடியம் கார்பனேட். இது 1.25க்குக் கீழ் இருந்தால் நல்ல நீர். 1.25 முதல் 2.5 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 2.5க்கு மேல் போனால் திருத்தாமல் பாய்ச்சக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு: கார்பனேட் 0.5, பைகார்பனேட் 7.5, கல்சியம் 2, மக்னீசியம் 2 என்று வைத்துக் கொள்வோம். எட்டில் நான்கு போக மிச்சம் நான்கு. இதை இரண்டுக்குக் கொண்டுவர, ஏக்கருக்கு 5 செ.மீ. ஆழம் பாய்ச்சும் ஒவ்வொரு தண்ணீருக்கும் நூற்றுக்கு 70 பங்கு தரமுள்ள ஜிப்சம் சுமார் 50 கிலோ தேவை. வாய்க்காலின் தலைப்பில் ஜிப்சக் கட்டிகளை நிரப்பிய தொட்டி ஒன்று கட்டி, நீரை அதன் வழியே பாயவிடுவது எளிய முறை.

நெல் வயலில் துத்தநாகம்

இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் நீர் ஒரே மாதிரி நடப்பதில்லை. மேட்டு நாற்றங்காலில் இரும்பு இல்லாமல் வெளுத்த நெல் நாற்று, நீர் தேங்கினால் பச்சை பிடிக்கும். நீர் கட்டிய மண்ணில் காற்று இல்லாததால் துரு மீண்டும் கரைகிறது. ஆனால் அதே தேங்கிய நீரில் பைகார்பனேட்டும் கந்தக வாயுவும் பெருகித் துத்தநாகத்தைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழ் இலைகளில் துருப் புள்ளிகள் தோன்றி, பயிர் குட்டையாகித் திட்டுத் திட்டாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வட இந்தியாவில் இதற்குக் ‘கைரா’ என்று பெயர். நோய் என்று எண்ணிய இதனைத் துத்தநாகக் குறைபாடு என்று பந்த்நகரில் டாக்டர் நேனே 1966ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

கார அமில நிலை ஒரு புள்ளி உயர்ந்தால், மண் நீரில் தனி அயனியாக நிற்கும் துத்தநாகம் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவேதான் மண்ணின் மொத்தத் துத்தநாகத்தை நாங்கள் அளப்பதில்லை. டி.டி.பி.ஏ. என்னும் அணைவுப் பொருளால் எவ்வளவு பிடித்தெடுக்க முடிகிறது என்றே அளக்கிறோம். லிண்ட்சே, நார்வெல் என்ற இரு அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட முறை இது. தமிழ்நாட்டு மண்ணில் இந்த அளவு 1.2 பி.பி.எம்.முக்குக் கீழ் இருந்தால் துத்தநாகக் குறை உண்டு என்று கொள்கிறோம்.

குறை இருந்தால் எக்டருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டும். இங்கே ஒரு சிக்கன வழியைச் சொல்கிறேன். எக்டருக்கு 6.25 டன் பசுந்தாள் உரம் மடக்கி உழுதிருந்தால், அல்லது ஊட்டமேற்றிய தொழு உரம் இட்டிருந்தால், பாதி அளவு, அதாவது ஏக்கருக்கு 5 கிலோ போதும். காரணம் என்ன? மக்கும் பொருளிலிருந்து கரையும் அமிலங்கள் துத்தநாகத்தை அணைவாகப் பிடித்து, படியவிடாமல், வேர் வரை கொண்டு சேர்க்கின்றன. ஒரு பங்கு நுண்ணூட்ட உப்பைப் பத்துப் பங்கு தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் வைத்திருந்தால் ஊட்டமேற்றிய தொழு உரம் தயார். எக்காரணம் கொண்டும் துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யுடனோ சூப்பர் பாஸ்பேட்டுடனோ கலந்து இடாதீர்கள். இரண்டும் கூடிக் கரையாத பொருளாகி, இரண்டின் பணமும் வீணாகும்.

கிலேட் உரம் வாங்கும்போது

கடைகளில் ‘கிலேட்’ என்று உறைகள் விற்கிறார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நண்டு இரண்டு கொடுக்காலும் இரையைக் கவ்வுவதுபோல, உலோகத்தைப் பல பக்கத்திலும் கவ்விப் பிடிக்கும் அணைவு. எல்லாக் கொடுக்கும் ஒரே வலு உடையவை அல்ல. இரும்பு இ.டி.டி.ஏ. என்பதை இலைவழி தெளிக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் இட்டால், கல்சியம் இரும்பைத் தள்ளிவிட்டுக் கொடுக்கைத் தான் பிடித்துக் கொள்ளும். இரும்பு மறுபடியும் துருதான். இ.டி.டி.எச்.ஏ. என்ற வகை சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பை விடாது. விலை அதிகம் என்பதால் பழத்தோட்டம் போன்ற பணப்பயிர்களுக்கே கட்டுப்படியாகும்.

விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் சத்துக்குப் பாருங்கள். வழக்கமான துத்தநாக சல்பேட்டில் நூற்றுக்கு 21 பங்கு துத்தநாகம். துத்தநாக இ.டி.டி.ஏ.யில் 12 பங்குதான்.

செம்பும் அரிவாளும்

வடிவத்தைக் கண்டறியும் ஒரு சோதனை ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. போர்டோக் கலவை தயாரித்தபின் அதில் அரிவாளை நனைத்துப் பார்க்கிறீர்கள். அலகில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு விடுகிறீர்கள். அந்தச் செந்நிறம் தனி அயனியாக நின்ற செம்பு. அது இலையைக் கருக்கும். சுண்ணாம்போடு சேர்ந்து நின்றால் கருக்காது. கலவையில் மொத்தச் செம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடிவம்தான் மாறியது.

மீன் குட்டையிலும் இதே கதைதான். பாசியைக் கட்டுப்படுத்த மயில் துத்தம் போடுவோர், நீரின் மொத்தக் காரத்தன்மையை அறிந்தே போட வேண்டும். காரத்தன்மையை மில்லிகிராம் கணக்கில் நூறால் வகுத்து வருவதுதான் லிட்டருக்கு இட வேண்டிய மில்லிகிராம் அளவு. 200 இருந்தால் 2 மில்லிகிராம். கார்பனேட் செம்பைப் பிணைத்துக் கொள்வதால் மீன் பிழைக்கிறது. காரத்தன்மை 50க்குக் கீழ் உள்ள மென்னீரில் அதே 2 மில்லிகிராம் மீனைக் கொன்றுவிடும். அத்தகைய நீரில் துத்தமே வேண்டாம். மற்ற நீரிலும் மீன்வளத் துறையினரைக் கலந்து கொண்டு செய்யுங்கள். பாசி ஒரேயடியாக மடிந்தால் நீரில் பிராணவாயு குறைந்தும் மீன் சாகக் கூடும்.

நீர் மாதிரி எடுக்கும் முறை

வடிவம் மாறும் என்பதால் மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டபின், தொட்டியில் அல்லாமல் குழாய் வாயிலேயே பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் அளவுக்குக் காற்றிடம் இல்லாமல் நிரப்பி மூடுங்கள். அன்றே ஆய்வுக்கூடத்தில் சேருங்கள். இரும்பும் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு அமிலம் சேர்த்த தனிப் புட்டி தருவார்கள். இல்லாவிட்டால் இரும்பு புட்டியின் அடியிலேயே படிந்து, தாளில் குறைவாகத் தெரியும். புட்டியின் மேல் கிணற்றின் ஆழம், பயிர், பிடித்த நேரத்தில் நீர் தெளிவா கலங்கலா என்பதையும் எழுதுங்கள்.

அந்த உழவருக்குச் சொன்ன பதில்

அடுத்த வாரமே அவரிடம் போனேன். மண்ணில் இடச் சொன்னது என் தவறு என்று சொன்னேன். “உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. செடிக்கு எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கிறது” என்றேன். பிறகு இருவருமாகத் தெளிப்பு நீர் தயாரித்தோம். 10 லிட்டர் நீருக்கு முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைந்தபின் 100 கிராம் அன்னபேதி. இந்த வரிசை முக்கியம். எலுமிச்சையில் உள்ள அதே அமிலம்தான் இது. நீரின் பைகார்பனேட்டை முதலில் முறித்துவிட்டு, இரும்பில் ஒரு பகுதியையும் அணைவாகப் பிடித்துத் துருவாகாமல் காக்கிறது. பழுப்பேறிய அன்னபேதியைத் தள்ளி, இளம்பச்சைப் படிகமாக உள்ளதை மட்டும் எடுத்தோம். கரைத்த அன்று மாலையே இலை நனையத் தெளித்தோம். பத்து நாள் கழித்து மறுமுறையும் தெளித்தார்.

புதிதாக வந்த இலைகள் பச்சையாக வந்தன. முன்பே வெளுத்துக் காய்ந்தவை திரும்பவில்லை. அந்தப் பருவத்து விளைச்சலில் ஒரு பங்கு போனது போனதுதான். மறு ஆண்டு அவர் விதைப்புக்கு முன்பே தொழு உரம் ஊட்டமேற்றி இட்டார். வெளுப்பு தோன்றிய முதல் வாரத்திலேயே தெளித்தார்.

உழவர் பெருமக்களே, அடுத்த முறை பரிசோதனைத் தாள் வந்ததும் இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் எண்ணோடு நிறுத்தாதீர்கள். அதே தாளில் கார அமில நிலையையும் பைகார்பனேட்டையும் பாருங்கள். உரம் பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும், “இதை மண்ணில் இட்டால் கரைந்து நிற்குமா? என் தண்ணீரைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அந்த உழவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் அவருக்கு 40 கிலோ உப்பு மிச்சமாகியிருக்கும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.